பனங்கிழங்கு சொல்லும் ஆழம்

அல்லைப்பிட்டியில் எட்டுப் பரப்புக் காணி ஒன்றைப் பார்க்க வரச் சொல்லி ஓர் ஆச்சி ஆள் அனுப்பியிருந்தார். 2013 ஆம் ஆண்டு வைகாசி மாதம். சோளகம் எழும்பத் தொடங்கியிருந்தது. நான் கொண்டுபோனவை மூன்று சாமான்கள். மூன்றடி நீளமான பத்து மில்லிமீற்றர் கம்பி, இரண்டு பக்கமும் வெட்டித் திறந்த பால்மாத் தகரம் ஒன்று, ஒரு பெரிய போத்தல் தண்ணீர்.

கம்பியை நட்டு உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்தேன். நாலு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. பத்து இடத்தில் குத்தினேன். எட்டு இடத்தில் அதே கதை. பிறகு தகரத்தை நிலத்தில் அடித்து இறக்கி, அதற்குள் தண்ணீரை ஊற்றிவிட்டு வேலிக்கரைப் பூவரசின் கீழ் குந்தினேன். ஆச்சி தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்தோம். எந்தப் பேரப்பிள்ளை எந்த நாட்டில் என்று அவர் சொல்லி முடித்த பிறகும் தகரத்தில் முக்கால்வாசித் தண்ணீர் கிடந்தது. மணல் ஊரில், மணல் காணியில், ஒரு போத்தல் தண்ணீரை நிலம் குடிக்கவில்லை.

"தம்பி, உது காணியோ தெருவோ?" என்று கேட்டார் ஆச்சி.

தெருவாகத்தான் அது கிடந்தது. அதன் மேல் மெசின் ஓட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை அன்றே அவருக்குச் சொன்னேன். சொல்லாமல் அந்த வேலையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டி என்று கரையோரம் நெடுக மணல் கும்பிகள் நின்ற காலம் எனக்கு நினைவிருக்கிறது. மண்கும்பானுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருந்த மணல். நடுநடுவே தாழையும் பனையும். சின்ன வயதில் அதன் மேலிருந்து சறுக்கி விளையாடியிருக்கிறோம். 1990 இல் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. இருபது வருடம் கழித்து நான் இந்தியாவிலிருந்து திரும்பியபோது வீடுகள் இடிந்து கிடந்தன, காணிகள் பற்றையாக இருந்தன. எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. வீட்டுக்கு மணல், மதிலுக்கு மணல், மதகுக்கு மணல். பண்ணைத் தாம்போதியைத் தாண்டினால் யாழ்ப்பாண நகரம். நகரத்துக்கு இவ்வளவு கிட்ட மணல் கிடைப்பது அருமை.

எனக்கு உழவு இயந்திரம் ஓட்டத் தெரியும். ஒருவருடைய மெசினுக்குச் சாரதியாகப் போனேன். பதினாலு மாதம் மணல் ஏற்றினேன். வீடில்லாத சனத்துக்கு வீடு எழும்புகிறது, அதற்குத்தானே ஏற்றுகிறோம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் மணல் அள்ளிய காணிக்கு என்ன நடக்கிறது என்று அந்தப் பதினாலு மாதமும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நடப்பது இதுதான். இழுவைப்பெட்டி பூட்டிய மெசின் குருமணலில் புதையும். புதையாமலிருக்க மக்கி கொட்டித் தடம் போடுவார்கள். மக்கி என்பது சுண்ணாம்புக்கல்லின் பொடியும் சிறு கல்லும் கலந்த வெள்ளை மண். யாழ்ப்பாணத்துத் தெருக்களுக்கு அடியில் போடுவதும் அதைத்தான். நனைத்து உருளை ஓட்டினால் சாந்து பூசியது போல் பிடித்துக்கொள்ளும். மணல் குறையக் குறைய மெசின் கீழே இறங்கும், மக்கியும் கூடவே இறங்கும். கடைசியில் மணல் முடிந்து, அடியில் கிடக்கும் சிப்பித்தூளும் களியும் சுண்ணாம்பும் கலந்த மண் தெரியும். அதன் மேல் மாதக்கணக்கில் பெட்டியும் டிப்பரும் ஓடும். சில்லின் காற்றழுத்தம் மேல் மண்ணை இறுக்கும். அச்சின் மேல் ஏறிய பாரமோ இரண்டு மூன்றடி கீழே வரை போய் இறுக்கும். ஒரு மழை பெய்து காய்ந்தால் கரைந்த சுண்ணாம்பு மறுபடி இறுகும். தெருவுக்கு எது பலமோ அதெல்லாம் அந்தக் காணியில் சேர்ந்துவிட்டது.

நல்ல தோட்ட மண்ணை ஒரு கன அடி வெட்டி எடுத்தால் அதில் ஏறக்குறையப் பாதி வெறும் இடம். காற்றும் தண்ணீரும் மாறிமாறி இருந்துவிட்டுப் போகும் இடம் அது. வேர் போவதும் அதற்குள்ளால்தான். பாரம் அழுத்தும்போது முதலில் அழிவது அந்த இடங்களில் பெரியவை. பசளை எவ்வளவு போட்டாலும் அந்த இடத்தைப் பசளை திருப்பித் தராது. இதை நான் படித்து அறியவில்லை. அறுபது தென்னம்பிள்ளையைச் சாகக் கொடுத்து அறிந்தேன்.

அது 2012 இல், மண்கும்பானில். லண்டனில் இருக்கும் ஒருவர் தன் மணல் அள்ளிய காணியைத் தென்னந்தோட்டமாக்கித் தரச் சொல்லிக் காசு அனுப்பினார். நான் டோசர் பிடித்துக் கிடங்கெல்லாம் தூர்த்து மட்டமாக்கினேன். அதன் மேல் அரை அடிக்குச் செம்மண் பரப்பினேன். மூன்றடிக் கிடங்கு வெட்டி, எருவும் மேல்மண்ணும் போட்டு, வரிசை பிசகாமல் அறுபது கன்று நட்டேன். படம் எடுத்து அனுப்பியபோது அவருக்குச் சரியான சந்தோசம். கார்த்திகை மழையில் ஒவ்வொரு கிடங்கும் தொட்டியானது. சுற்றி இருந்த இறுகல் தண்ணீரைப் பக்கத்துக்கும் விடவில்லை, கீழேயும் விடவில்லை. வேர் அழுகிப் பாதிக் கன்று மார்கழிக்குள் போனது. மிஞ்சியது தை மாசியில் கொஞ்சம் தெளிந்தது. சித்திரை வெயிலில் குருத்துக் காய்ந்தது. ஒன்றைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். வேர்கள் கிடங்கின் சுவரில் முட்டித் திரும்பி, பூச்சாடிக்குள் வளர்ந்தது போல் வட்டமடித்துக் கிடந்தன. ஒரு வேர்கூடச் சுவருக்குள் நுழையவில்லை. பரப்பிய செம்மண்ணும் வீண். வலிகாமத்தில் யாரோ ஒருவருடைய நல்ல நிலத்தைச் சுரண்டி எடுத்து இந்த இறுகலின் மேல் போட்டிருக்கிறேன்.

அந்தக் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நெய்வேலி நினைவுக்கு வந்தது.

1990 இல் நாங்கள் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்து, பிறகு அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு முகாமில் வந்து தங்கினோம். கூலி வேலைக்கு நெய்வேலிப் பக்கம் போவோம். அங்கே இருந்தது 1956 இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனம். 1957 இல் தோண்டத் தொடங்கி 1961 இல் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வெட்டி மலை மலையாகக் கொட்டியிருந்தார்கள். அந்த மேடுகளில் மரக்கன்று நடும் கூலியாட்களில் நானும் ஒருவன். இயந்திரம் கொட்டியது கொட்டியபடி கிடந்த மேடு பள்ளங்களில் நட்ட கன்று, பார்வைக்கு அலங்கோலமாக இருந்தாலும், இரண்டு மழையில் இடுப்பளவுக்கு வந்துவிடும். டோசர் ஓட்டி அழகாக்கிய தளத்தில் நட்டது மூன்றாம் வருடமும் முழங்காலைத் தாண்டாது. அலவாங்கு போட்டால் தீப்பொறி பறக்கும். எங்களோடு நின்ற ஒரு பெரியவர் எந்தப் பக்கம் கன்றைப் பிரித்துக் கொடுத்தாலும் பள்ளமும் திட்டியுமான பக்கத்தையே கேட்டு வாங்குவார். காரணம் கேட்டதற்கு, "அங்க மண்ணு மூச்சு விடுதுப்பா" என்றார். அதைக் கேட்டுப் பல வருடங்கள் கழித்தும் மண்கும்பானில் நான் டோசர் பிடித்தேன்.

கனடாவில் காட்டு இலாகா வேலையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்குத் தொலைபேசியில் இந்தத் தென்னங்கன்றுக் கதையைச் சொன்னேன். அவன் ஒரு நாள் முழுக்க வாசித்துவிட்டு எடுத்தான். "மாமா, அமெரிக்காக்காரரும் உதே பிழையைத்தான் விட்டவை. சட்டமே போட்டு விட்டவை" என்றான். அப்பலாச்சியன் மலைத்தொடரில் நிலக்கரி தோண்டிய இடங்களைத் திருத்தியே தரவேண்டும் என்று 1977 இல் அங்கே சட்டம் வந்திருக்கிறது. மண் சரியக்கூடாது, கழுவுப்படக்கூடாது என்ற கவலையில் கம்பனிகள் டோசரை முன்னும் பின்னும் ஓட்டி மண்ணை அமத்தி, வழுவழுப்பாக்கி, புல் விதைத்திருக்கின்றன. புல் வந்தது, காடு வரவில்லை. கென்டக்கி, வேர்ஜீனியா மாநிலங்களின் பல்கலைக்கழகங்களில் வேலை செய்தவர்கள் வருடக்கணக்காகப் பரீட்சித்துக் காட்டிய பிறகுதான், 2004 அளவில், அரசாங்கமே முறையை மாற்றச் சொல்லியிருக்கிறது. குறைந்தது நாலடி ஆழத்துக்கு இளகிய மண் இருக்கவேண்டும், மேலே டோசரை ஓட்டி அழகு பார்க்கக்கூடாது, ஏற்கெனவே இறுகிய இடத்தைக் கொழுப் போட்டுக் கிழிக்கவேண்டும். நெய்வேலிப் பெரியவர் சொன்னதையே அவர்கள் அளந்து எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் நாலடி என்ற கணக்கை அப்படியே எடுத்துத் தீவில் போட்டால் காணி செத்துவிடும். இதுதான் எங்கள் இடத்தின் சிக்கல், இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

தீவில் ஆறு இல்லை. மாரியில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மார்கழியில், பெய்கிற மழைதான் வருடம் முழுவதற்கும். அந்த மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல் உவர் நீரின் மேல் மிதந்து நிற்கும். கிணற்றில் நாம் அள்ளுவது அந்த மிதக்கிற நன்னீர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கெய்பன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளரும், பிறகு ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மன்காரரும் இந்த மிதப்புக்குக் கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உவரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவர் ஏறிவரும். நிலத்தடியில் வெடிப்பும் குகையும் உள்ள எங்கள் சுண்ணாம்புக்கல்லில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் போக்கு அதுதான்.

ஆகவே மணல் கும்பி வெறும் மணல் அல்ல. அது ஊரின் தண்ணீர்த் தொட்டி. சாட்டியின் நன்னீரை நம்பித் தீவுப்பகுதி எத்தனை வருடம் இருந்தது என்று ஊரவர்களுக்குத் தெரியும். மணலை அள்ளியதில் தொட்டி பதிந்தது. அடித்தளத்தை இறுக்கியதில் தொட்டிக்கு மூடி போட்டாயிற்று. எட்டுப் பரப்பு என்றால் அரை ஏக்கர். வருடத்தில் 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால் அந்தக் காணியில் மட்டும் விழுவது 24 இலட்சம் லீற்றர் தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆச்சியின் காணியில் ஒரு நாள் தேங்கி நின்று, வாய்க்காலாக ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. கோடையில் அந்த இறுகல் மண் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் கீழிருந்து உவரை மேலே இழுக்கும். ஆடி மாதம் போய்ப் பார்த்தால் உப்புப் பூத்து நிலம் வெள்ளையாகக் கிடக்கும்.

எனவே எங்களுக்கு இரண்டு அளவு வேண்டும். இறுகல் எவ்வளவு ஆழத்துக்கு என்பது ஒன்று. தண்ணீர் மட்டம் எவ்வளவு கீழே என்பது மற்றது. ஆவணியில், கிணறு ஆகக் குறைவாக இருக்கும் நேரம், கிணற்று மட்டத்தை அளந்தேன். தோண்டுகிற ஆழத்துக்கும் அந்த மட்டத்துக்கும் இடையில் இரண்டடியாவது விடவேண்டும் என்று எனக்கு நானே ஒரு கட்டு வைத்தேன். ஆச்சியின் காணியில் அது இரண்டரை அடிக்கு மேல் தோண்ட இடம் தரவில்லை. சில காணிகளில் ஒன்றரை அடிதான். அதற்கு மேல் ஆசைப்பட்டால் உவர் மண்ணை மேலே கொண்டுவந்து போடுவோம். அதைக் கழுவ மூன்று மாரி வேண்டும்.

வேலையை ஆவணிக் கடைசியில் செய்தோம். மண் காய்ந்திருக்கும்போது இயந்திரத்தின் பல்லுக் குத்தினால் இறுகல் பாளம் பாளமாக வெடித்து உடையும். ஈரத்தில் குத்தினால் வெண்ணெயைக் கத்தியால் வெட்டியதுபோல் வழுக்கிக்கொண்டு போய், வெட்டின முகம் இன்னும் இறுகும். உளிக் கலப்பை கிடைக்கவில்லை, டோசருக்குக் கிட்டவும் போக விருப்பமில்லை. வாளியால் கிண்டுகிற பெக்கோ பிடித்தேன். சாரதிப் பொடியனுக்கு நான் சொன்னது இரண்டே விடயம். பின்பக்கமாகவே வரவேண்டும், கிண்டிய இடத்தில் சில்லுப் படக்கூடாது. வாளியால் கிண்டித் தூக்கி அங்கேயே விழவிடு, தட்டிக் கொடுக்காதே. அவனுக்குக் கை பழகியது தட்டி மட்டமாக்க. ஒவ்வொரு முறையும் வாளியின் முதுகு நிலத்தைத் தேடிப் போகும், நான் கையைக் காட்டிக் கத்துவேன். ஒன்றரை நாளில் காணி உழுத கடல்போல் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஆச்சி வந்து பார்த்து வாயில் கை வைத்தார்.

"என்ன தம்பி, குண்டு விழுந்த மாதிரிக் கிடக்கு?"

"இப்பிடியே கிடக்கட்டும் ஆச்சி. மழைத்தண்ணி பள்ளத்திலை நிண்டு இறங்கோணும். வாற வருசம் தானாப் பதியும்."

இளக்கிய மண்ணைச் சும்மா விட்டால் ஒரே மாரியில் மறுபடி படிந்துவிடும். இடையில் ஏதாவது கிடந்து தாங்கவேண்டும். இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியது என் அப்பாவின் புகையிலைத் தோட்டம். குழை தாட்கிற பழக்கம் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு பழையது என்று எனக்குத் தெரியாத வயதிலேயே அவரோடு பூவரசங்குழை கட்டுக் கட்டாகச் சுமந்திருக்கிறேன். பூவரசு, வேம்பு, சீமைக்கிளுவை எல்லாம் வெட்டிப் பள்ளங்களில் போட்டோம். சீமைக்கிளுவையை 2005 இல் இலங்கை அரசு தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தது, அது தகும். நட்ட கதியாலே ஒரு வருடத்தில் குழை தரும். வேலி பிரித்த பழைய பனையோலை ஆச்சியிடம் இரண்டு பெட்டி இருந்தது. அதையும் தாட்டோம், ஓலை உக்க வருடங்கள் எடுக்கும், அதுவரை மண்ணைத் தூக்கிப் பிடித்திருக்கும். கரையில் ஒதுங்கிய கடற்தாவரமான சாதாளையை முந்தின வருட மாரியிலேயே குவித்து உப்புக் கழுவ விட்டிருந்தேன். அது ஐந்து பெட்டி. ஆட்டுப் பட்டி ஒன்றை நாலு நாளைக்கு ஒருக்கால் இடம் மாற்றிக் கட்டினோம். ஆட்டுக் குளம்பு மண்ணை இறுக்காதா என்று ஒருவர் கேட்டார். காய்ந்த மண்ணில், நாலு நாளில், அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மழை தொடங்கியதும் பட்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

முதல் மழைக்குச் சணல் விதைத்தோம். அதன் ஆணிவேர் கீழே போகும், வெட்டித் தாட்டால் பசளையும் ஆகும். சுண்ணாம்பு கூடின மண் என்பதால் முதல் வருடம் இலை வெளிறித்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் யூரியா எறியச் சொன்னார்கள். நான் எறியவில்லை. எருவும் குழையும் உக்க உக்க அந்த வெளிறல் குறையும். எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது.

இனிப் பனங்கிழங்கைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலையில் நான் கண்டுபிடித்தது என்று ஏதாவது இருந்தால் அது இதுதான், அதுவும் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் முன்னமே தெரிந்தது. ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். விதையைப் பொறுக்கி, மண்ணைக் கொத்தி உயர்த்திப் பாத்தி போட்டு அடுக்குவார்கள். முளை மேலே வராமல் முதலில் நேரே கீழே போகும். அதன் நுனியில்தான் கிழங்கு வைக்கும். தையில் பாத்தி கிண்டும்போது பாத்தி இளகி இருந்தால் கிழங்கு ஈட்டிபோல் நேராக, ஒரு முழத்துக்கு வரும். அடியில் கல்லோ இறுகலோ இருந்தால் கட்டையாகி, கோணி, சில வேளை கொக்கிபோல் திரும்பிக்கொள்ளும். சின்ன வயதில் கோணல் கிழங்குதான் எங்களுக்கு; நேரானது ஒடியலுக்கும் சந்தைக்கும் போகும்.

எனக்கு மண்ணை அளக்கக் கருவி வாங்கக் காசில்லை. பெக்கோ வேலை முடிந்த அன்றே காணிக்குக் குறுக்காக மூன்று வரிசையில், முழத்துக்கு ஒன்றாக, பனங்கொட்டை புதைத்தேன். இளக்காமல் விட்ட மூலையிலும் ஒரு வரிசை. கம்பி குத்தினால் அன்றைய இறுக்கம் தெரியும். அதுவும் என் கை பாரத்தைப் பொறுத்தது. பனங்கொட்டை ஐந்து மாதம் மண்ணுக்குள் இருந்து, மழையில் ஒருவிதமாகவும் பனியில் ஒருவிதமாகவும் மண் நடந்துகொண்டதை எல்லாம் தன் உடம்பில் எழுதிக்கொண்டு வரும். 2014 தையில் கிண்டினோம். இளக்கிய இடத்தில் பெரும்பாலானவை ஒன்றேகால் அடி, நேராக. இளக்காத மூலையில் ஒரு சாணுக்கு மேல் ஒன்றும் இல்லை, எல்லாம் வளைவு. இரண்டு இடத்தில் இளக்கிய பக்கத்திலும் கோணல் வந்தது. அங்கே தோண்டிப் பார்த்தால் பெக்கோ வாளி தாண்டிவிட்டுப் போன மக்கித் தடம் ஒரு கவட்டு அகலத்துக்கு அப்படியே கிடந்தது. அலவாங்காலும் பிக்கானாலும் அதை உடைத்தோம்.

தகரத்தையும் மறுபடி அடித்துப் பார்த்தேன். அதே போத்தல் தண்ணீர் ஒன்பது நிமிடத்தில் இறங்கியது. ஆச்சி பக்கத்தில் நின்று, பிறகும் ஒரு போத்தல் ஊற்றச் சொல்லிப் பார்த்தார்.

எல்லாக் காணியும் இப்படி வரவில்லை. நெடுந்தீவில் ஒரு மூன்று பரப்பு, தெருவுக்குக் கல் கிளப்பிய இடம். அங்கே இறுகியதற்குக் கீழே மண்ணே இல்லை, கல்தான். முருகைக்கல் மதிலும் கற்பாரும் நிறைந்த தீவு அது; சாராப்பிட்டி போன்ற இடங்களை விட்டால் நல்ல தண்ணீரும் அருமை. குறிகட்டுவானில் இருந்து பெக்கோவைக் கடலால் ஏற்றிப்போகும் செலவுக்கு அந்தக் காணியை விற்றாலும் காணாது. கல்லில் பள்ளம் கண்ட இடத்தைக் கையால் பெருப்பித்து, மாட்டெருவும் சாம்பலும் குழையும் நிரப்பி, பள்ளத்துக்கு ஒரு வேம்பு வைத்தோம். இருபதில் பதினொன்று நிற்கிறது. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 வரை ஓடிய சீமெந்துத் தொழிற்சாலையின் கற்கிடங்குகளை வந்து பார்க்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். அந்த ஆழம் என் கம்பிக்கும் கொட்டைக்கும் அப்பாற்பட்டது. தெரியாத வேலையில் கை வைக்கவில்லை.

ஒரு மனவருத்தத்தையும் சொல்லவேண்டும். 2015 புரட்டாதியில் சரவணைப் பக்கம் ஆறு பரப்பை இளக்கிக் குழை தாட்டு முடித்த மூன்றாம் நாள், பக்கத்துக் காணியில் மதில் கட்டுகிற ஒப்பந்தக்காரர் ஒருவர் கல் ஏற்றிய டிப்பரைக் குறுக்கால் விட்டார். ஒரே ஒரு முறை போய் வந்தது. அதனால் என்ன, மேலால் ஒருக்கால் கொத்திவிடுங்கள் என்றார். இளகிய மண்ணில் முதல் முறை போகிற சில்லுத்தான் பெரும்பகுதி நாசத்தைச் செய்யும். பிறகு பத்து முறை போனாலும் அவ்வளவு கூடாது. அந்தத் தடத்தில் உழுந்து இன்றும் முழங்காலுக்குக் கீழ்தான், இரண்டு பக்கமும் அதைவிட ஒரு சாண் உயரம். கோட்டுத்தடி வைத்துக் கீறியது போல் வித்தியாசம் தெரியும்.

மண் அகழ அனுமதி வேண்டும் என்று 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அனுமதி கொடுப்பதற்குப் பணியகம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் இரவில் ஓடுகிற மெசின்களும் இருக்கின்றன. சனமே நின்று மறித்த ஊர்களும் உண்டு. மறிப்பது சரி. ஆனால் ஏற்கெனவே அள்ளி முடித்துக் கிடக்கும் காணிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவற்றைப் பாழ் என்று விட்டுவிடுகிறோம், அல்லது நான் 2012 இல் செய்ததுபோல் மட்டமாக்கிச் செம்மண் பூசிப் படம் எடுக்கிறோம். என் கணக்கில் பாழாக விட்ட காணியே மேல். அதில் எருக்கும் ஆவாரையும் வந்து மெல்ல மெல்ல வெடிக்கச் செய்யும். பூசி மெழுகிய காணியில் அதுவும் வராது.

ஆச்சி 2019 இல் காலமானார். காணி இப்போது பேரனுடையது, அவர் பிரான்சில். சணலுக்குப் பிறகு சாமை, கௌபி, எள்ளு என்று மூன்று வருடம் ஓடியது. இப்போது கரை நெடுகப் பனை வடலி, நடுவில் மரக்கறி. கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற பதத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனி ஆடியில் நாக்கில் உவர் படுகிறது. ஆனால் மாசி வரை தோட்டத்துக்கு இறைக்கலாம். 2013 இல் மார்கழியிலேயே அந்தக் கிணறு உவர்த்தது.

வெளிநாட்டில் இருந்து காணியைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. காசு அனுப்புவதற்கு முன், வருகிற ஆவணியில், ஊரில் இருக்கும் யாரையாவது விட்டு உங்கள் காணியின் நாலு மூலையிலும் நடுவிலும் பத்துப் பத்துப் பனங்கொட்டையைப் புதைப்பியுங்கள். தையில் கிண்டி, கிழங்கைக் கழுவி, வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோணலாக வந்தால் அடுத்த ஆவணியில் பெக்கோவைக் கூப்பிடுங்கள், டோசரை அல்ல. வேலை முடிந்த அன்றே கேற்றைப் பூட்டித் திறப்பை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள்.